சாம்பல் மலை நகர்கிறது

வெள்ளையாக நிற்பதெல்லாம் பிள்ளைகள். அது ஒன்றுதான் நிச்சயம். கரையில் நின்று அண்ணாந்து பார்த்தால், இருபது மாடி உயரத்தில், அந்தச் சாம்பல் நிறப் போர்க்கப்பலின் விளிம்பு நெடுக, தலைமாட்டிலிருந்து கால்மாடுவரை, கைக்கெட்டும் தூரத்துக்கு ஒருவராக நிறுத்தி வைத்திருந்தார்கள், மதில்மேல் வரிசையாக அகல் வைத்த மாதிரி. அதில் எது வான்மதி? தெய்வசிகாமணி கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியில் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். துடைத்ததில் புள்ளிகள் கொஞ்சம் கூர்மையாயின, அவ்வளவுதான். புள்ளிகள் புள்ளிகளாகவே இருந்தன. "கோபுரத்துக்குப் பின்னாடி, கொடிக்கம்பத்துக்கு இந்தப் பக்கம் நிப்பேன்ப்பா. ஆனா கையாட்ட முடியாது. கையப் பின்னால கட்டிக்கிட்டு நேரா நிக்கணும், அதுதான் ரூல். நீங்க ஆட்டுங்க, நான் பாப்பேன்" என்று காலையில் துறைமுக வாசலில் காரிலிருந்து இறங்கும்போது சொல்லிவிட்டுப் போனாள். போகும்போது தோள்பையைத் தூக்கிய விதம் யாரையோ ஞாபகப்படுத்தியது, யாரை என்று இப்போதுவரை பிடிபடவில்லை. இருபத்தைந்து வயதுப் பெண். பெற்ற பெண். இங்கே வர்ஜீனியாவின் இந்தத் துறைமுகத்தில் ஆயிரம் குடும்பங்களோடு ஒருவராக நின்று, அவளைக் கோபுரத்துக்குப் பின்னால் தேடிக்கொண்டிருந்தார். கோபுரம் என்று அவள் சொன்ன சொல் நல்ல சொல்தான், கப்பலின் நடு முதுகில் அடுக்கடுக்காக எழும்பி, உச்சியில் ஏதேதோ சுற்றிக்கொண்டிருக்கிற அதற்கு வேறென்ன பேர் சொல்வது. அதற்குப் பின்னால் கொடிவரைக்கும் நாற்பது பேராவது இருப்பார்கள். நாற்பதும் ஒரே உயரம், ஒரே தொப்பி, ஒரே நிற்பு. பெற்றவனுக்கு அடையாளம் தெரியாதா என்று வீட்டில் மனைவி செண்பகவல்லி கேட்பாள். தெரியாது வல்லி, தெரியவில்லை, பெற்றவனுக்கும் தெரியாத மாதிரிதான் உடுப்பைத் தைக்கிறார்கள்.

கடைசிக் கயிறு தண்ணீரில் விழுந்த சத்தம் கேட்டது. சின்ன இழுவைப் படகுகள் நாலைந்து, யானைக்குப் பக்கத்தில் பன்றிக்குட்டிகள் மாதிரி, அதன் விலாவில் மூக்கை வைத்து முட்டத் தொடங்கின. பிறகு ஊதல். அந்த ஊதல் காதுவழியாக வரவில்லை. பாதத்தின் வழியாக ஏறி, முழங்காலைக் கடந்து, நெஞ்சுக்கூட்டைப் பிடித்து உலுக்கிவிட்டுப் போயிற்று. தெய்வசிகாமணிக்கு மயிர்க்கால்கள் குத்திட்டு நின்றன. வாய் திறந்திருந்தது. மூடிக்கொள்ள வேண்டும் என்று தோன்றியபோதும் மூட முடியவில்லை. பெரிய யந்திரம் பார்க்காதவர் இல்லை அவர். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தில் இருபது வருஷம், பூமியையே கடித்துத் தின்கிற சக்கரங்களோடு வாழ்ந்தவர். பிறகு நாற்பத்துச் சொச்ச வயதில் இங்கே, இதே நீர்ப்பரப்பின் இன்னொரு கரையில், கப்பலில் நிலக்கரி ஏற்றுகிற கன்வேயர் பெல்ட்டுகளைப் பராமரிக்கிற வேலை. ஆனால் இது வேறு. ஓர் ஊர் எழுந்து போகிறது. ஐயாயிரம் பேர், அவர்களுடைய கட்டில்கள், சோறு, பல்டாக்டர், சர்ச், சலூன், ஓடுபாதை, அடிவயிற்றில் இருபது வருஷத்துக்கு எரிகிற அணுவுலை, எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு ஓர் ஊர் கிளம்புகிறது, யார் வீட்டு வாசலுக்கோ. மனுஷன் செய்ததா இது? ஒரு போல்ட்டாக, ஒரு வெல்டாக, மதியம் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து சாப்பிட்டுவிட்டு வந்து மறுபடி வெல்ட் வைத்து, மனுஷன் செய்தது. எத்தனை கைகள். எத்தனை புத்தி. அந்தப் புத்தியையெல்லாம் ஒரே இடத்தில் குவித்தால் வருகிற உருவம் இதுதானா? வான்மதிக்கு ஒன்பது வயது, இந்த ஊருக்கு வந்த புதிது. வேலை இடத்துக்கு அவளை ஒருநாள் கூட்டிப்போனபோது எதிர்க்கரையைக் காட்டி, "அப்பா, அது பில்டிங்கா?" என்று கேட்டாள். "இல்லம்மா, கப்பல்." "பொய் சொல்றீங்க." அரைமணி நேரம் வேலியைப் பிடித்துக்கொண்டு பார்த்தாள், அது நகர்ந்தால்தான் நம்புவேன் என்று. அன்றைக்கு அது நகரவில்லை. அன்றைக்கு நகர்ந்திருந்தால் ஆசை அதோடு தீர்ந்திருக்குமோ என்னவோ. பள்ளிக்கூட பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் அதைப் பார்த்துப் பார்த்து, கல்லூரியில் ஒரு வருஷம் படித்துவிட்டு, ஒருநாள் இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள், நேவியில் கையெழுத்துப் போட்டுவிட்டேன் என்று. செண்பகவல்லி கரண்டியைக் கீழே வைத்தாள். அவருக்குக் கோபம் வந்ததா? வந்தது. ஆனால் கோபத்துக்கு அடியில் வேறொன்று இருந்தது, அதை அவர் வல்லியிடம் சொன்னதில்லை: உள்ளே போய்ப் பார்க்கப் போகிறாளே என்கிற பொறாமை.

"உங்களுக்கு யாரு, பையனா பொண்ணா?" என்று பக்கத்தில் ஒரு குரல். ஐம்பது வயதிருக்கும் ஒரு வெள்ளைக்காரப் பெண்மணி, வெயிலில் சிவந்த தோள், கையில் ஓர் அட்டை, அதில் கோடி என்று கொட்டை எழுத்தில் பையன் பெயர். டென்னசி மலைப்பக்கத்திலிருந்து ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வந்ததாகச் சொன்னாள், பெயர் டார்லீனாம். பெண் என்றதும், "ஐயோ, பொண்ணா" என்று அவர் முழங்கையைத் தொட்டாள். "எங்க நிக்கிறா?" கோபுரத்துக்குப் பின்னால் என்றார். "என் பையனும் அங்கதான். கொடிக்குக் கொஞ்சம் முன்னாடி. அதோ பாருங்க, கொஞ்சம் குட்டையா ஒருத்தன் நிக்கிறான் பாருங்க, அவன்தான். தோளப் பாத்தாலே தெரியுது, அவங்க அப்பா தோளு." அவள் விரல் நீண்ட திசையில் எல்லோரும் ஒரே உயரமாகத்தான் நின்றார்கள். தெய்வசிகாமணி தலையாட்டினார். எப்படித் தெரிகிறது இவளுக்கு? நிஜமாகவே தெரிகிறதா, அல்லது முடிவு செய்துகொண்டாளா? முடிவு செய்துகொள்வதும் ஒரு வழிதான். அவரும் ஒன்றைத் தேர்ந்துகொண்டார், டார்லீனின் பையனுக்கு இடப்பக்கம் நிற்கிற வெள்ளை. அது வான்மதி. இருக்கட்டும். கையைத் தூக்கி ஆட்டினார். இடப்பக்கத்து வெள்ளை அசையாமல் நின்றது, அசையக்கூடாதுதானே.

எதற்காகப் போகிறது இது? வளைகுடாவுக்கு என்று செய்தியில் சொன்னார்கள். எங்கே என்பதற்கு அது பதில். எதற்கு என்பதற்கு இல்லை. பொங்கல் அன்றைக்குத் தமிழ்ச் சங்கத்தில் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்து இதைத்தான் கத்திக்கொண்டிருந்தார்கள். இதய டாக்டர் ஒருத்தர், "எண்ணெய் சார், எல்லாம் எண்ணெய்தான், அங்க முருங்கக்கா வெளஞ்சா இவன் போவானா?" என்றார். எதிர்ப்பந்தியில் இருந்த கம்ப்யூட்டர்காரர், எண்ணெய் இவர்களிடமே வேண்டியமட்டும் இருக்கிறது, இது பயம், ஊரிலேயே பெரிய சண்டியனுக்குத்தான் ராத்திரியில் தூக்கம் வராது என்றார். இல்லை தேர்தல் என்றார் ஒருத்தர். அங்கே பெண்களைக் கொடுமை செய்கிறார்கள், யாராவது ஒருத்தர் கேட்க வேண்டாமா என்று ஓர் அம்மா கேட்டதும் பந்தி கொஞ்சம் அடங்கியது. தெய்வசிகாமணி சாம்பாரை ஊற்றிக்கொண்டு எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். எல்லாம் சரிதான். ஆனால் அவருக்குத் தெரிந்த காரணம் ஒன்று இருந்தது, அதைப் பந்தியில் சொன்னால் சிரிப்பார்கள். சுரங்கத்தில் சேர்ந்த முதல் நாள். இருபத்துமூன்று வயது. பெரிய இன்ஜினியர் ஜீப்பில் கூட்டிப்போய்ப் பள்ளத்தின் விளிம்பில் நிறுத்தினார். கீழே அது நின்றது, ஜெர்மனியிலிருந்து துண்டு துண்டாக வந்து இங்கே கோர்த்த யந்திரம்; ஒரு தெருவை நிமிர்த்தி வைத்த மாதிரி கை, கையின் நுனியில் வீட்டுயரச் சக்கரம், சக்கரம் முழுக்கப் பல் வைத்த வாளிகள். அது மண்ணைத் தொட்டதும் மலைப்பாம்பு மாதிரி பெல்ட்டில் மண் ஓடத் தொடங்கியது, கண்ணுக்கெட்டிய தூரம் ஓடியது. மூச்சு நின்றுவிட்டது அவருக்கு. பெரிய இன்ஜினியர் பக்கத்தில் நின்று சிகரெட்டைப் பற்ற வைத்துக்கொண்டு சொன்னார்: "தம்பி, இதை வாங்கியாச்சு. இனிமே இதுக்குத் தீனி போடறதுதான் நம்ம வேலை." அதுதான். கரண்ட்டுக்காகத்தான் யந்திரம் வாங்கினார்கள், வாஸ்தவம், வீட்டுக்கு வீடு விளக்கெரிந்தது, அது பொய்யில்லை. ஆனால் வாங்கி நிறுத்தின பிறகு, சக்கரம் சும்மா நின்றால் நஷ்டம் என்று ஆன பிறகு, அதற்கு முன்னால் நிலம் இருந்துகொண்டே இருக்க வேண்டியிருந்தது. இன்னொன்றும் உண்டு. அந்தப் பூமிக்கடியில் நீரூற்று பொங்கிக்கொண்டிருக்கும். ராவும் பகலும் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்தால்தான் குழி குழியாக இருக்கும். இறைப்பதை நிறுத்தினால் போட்டது அத்தனையும் முழுகிப்போகும். ஆகவே தோண்டத் தொடங்கியவன் தோண்டி முடித்தாலும் இறைத்துக்கொண்டே இருக்க வேண்டும். இந்த நாட்டுக்காரர்கள் எந்தெந்த நாட்டிலோ இருபது வருஷம் இறைத்துக்கொண்டிருந்தார்களே, பிறகு ஒருநாள் பம்ப்பை நிறுத்திவிட்டு வந்தார்களே, டி.வி.யில் அந்த விமானச் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓடினவர்களைப் பார்த்தபோது அவருக்குக் குழி நிரம்புகிற சத்தம்தான் கேட்டது.

கோதண்டம் ஏன் இப்போது வருகிறான்? நினைக்கக்கூடாது என்றில்லை, ஆனால் இந்தக் கூட்டத்தில், பலூனும் கொடியுமாக நிற்கிறவர்கள் நடுவில், லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு சைக்கிளைத் தள்ளியபடி வந்து நிற்கிறான். சுரங்கத்தின் கிழக்கு விளிம்பில் அவனுக்கு முந்திரிக் கொல்லை இருந்தது. நிலத்தை எடுத்தாகிவிட்டது, பணமும் கொடுத்தாகிவிட்டது, மரங்களை வெட்டி ஏற்றியாகிவிட்டது. சக்கரம் அங்கே வந்து சேர இன்னும் நாளிருந்தது. தினமும் வருவான். தூக்குச்சட்டியில் கூழ் எடுத்துக்கொண்டு வந்து, விளிம்பில் சைக்கிளைச் சாய்த்து, அது நெருங்குவதைப் பார்த்துக்கொண்டு உட்காருவான். அழ வந்திருக்கிறான் என்றுதான் முதலில் நினைத்தார்கள். அவன் அழவில்லை. "யப்பா, யப்பப்பா" என்பான். "சார், எங்க தாத்தன் இந்தக் கொல்லையில கெணறு வெட்டறதுக்கு மூணு வருசம் ஆச்சாம் சார். பாறைய ஒடச்சி ஒடச்சி அவரு கையே போயிடுச்சு. இது எவ்ளோ நேரம் சார் எடுக்கும்?" பார்த்துக்கொண்டே இரு என்றார் தெய்வசிகாமணி. அந்த நாளும் வந்தது. வாளிகள் கொல்லையின் ஓரத்தைத் தொட்டன. சிவப்பு மண், அடியில் மஞ்சள் மண், மெத்தையைக் கிழித்த மாதிரி உதிர்ந்தது. பிறகு கிணறு. தாத்தன் கட்டின கல்வட்டம் முழுசாக, மோதிரத்தைக் கழற்றின மாதிரி, ஒரு கணம் அந்தரத்தில் நின்றது. நின்றதா, நின்ற மாதிரி இருந்ததா? பிறகு சிதறிப் பெல்ட்டில் விழுந்து ஓடிவிட்டது. கோதண்டம் எழுந்து நின்று கை தட்டினான். படபடவென்று, சர்க்கஸ் பார்க்கிற பிள்ளை மாதிரி, முகமெல்லாம் பல்லாக, "என்னா அழகு சார்! என்னா அழகு!" என்று கத்தினான். தெய்வசிகாமணிக்கும் அதே அழகுதான் கண்ணில் நின்றது, இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டார்கள். அப்புறம்தான் அவன் சைக்கிள் கேரியரைப் பிடித்துக்கொண்டு மெல்லக் கீழே உட்கார்ந்தான். ஷிஃப்ட் முடிந்து எல்லோரும் போகும்வரை எழுந்திருக்கவில்லை. அடுத்த நாளிலிருந்து வரவுமில்லை. அந்தக் கைதட்டல் என்ன கைதட்டல் என்று இத்தனை வருஷமாக அவருக்குத் தெரியவில்லை. பயந்தால் ஓடலாம், வெறுத்தால் திட்டலாம். அண்ணாந்து வாய்பிளந்து நிற்கிறவன் என்ன செய்வான்? வளைகுடாக் கரையில் எவனோ ஒருத்தன், இந்தக் கப்பலிலிருந்து கிளம்பின விமானம் வானத்தைக் கிழித்துக்கொண்டு போகும்போது, தன் வீட்டு மொட்டைமாடியில் நின்று, ஒரே ஒரு கணம், வீடு போகிறதுக்கு முந்தைய அந்த ஒரு கணம், யா அல்லா என்னா வேகம் என்று மெய்மறந்து நிற்பான்தானே. அந்தக் கணத்தில் அவனும் வான்மதியும் வேலியைப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஒன்பது வயதுப் பிள்ளைகள்தானே.

பாக்கெட்டில் போன் அதிர்ந்தது. செண்பகவல்லி. வீட்டிலிருந்து இந்தத் துறைமுகம் முக்கால் மணி நேரம். வரமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். "கிளம்பிடுச்சா?" "கிளம்பிட்டிருக்கு." "பாத்தீங்களா அவள?" பார்த்தேன் என்றார், இடப்பக்கத்து வெள்ளையைப் பார்த்துக்கொண்டே. "எப்படி இருக்கா?" "நேரா நிக்கிறா. நல்லா நிக்கிறா." "கட்டிக் குடுத்தேனே, கார்ல சாப்பிட்டாளா?" "ரெண்டு தோசை." "நீங்க?" "ம்." பிறகு அவள், "ஏங்க, அவ அங்க என்னதான் வேல பாக்குறா? சாமான் ஏத்துறேன் சாமான் ஏத்துறேன்னே சொல்றா. என்ன சாமான்? உங்ககிட்டயாவது சொன்னாளா?" என்றாள். ஊதல் மறுபடியும் அடித்தது. நல்லவேளை. "கேக்கலயே வல்லி, இங்க ஒரே சத்தம், அப்புறம் கூப்பிடறேன்" என்று வைத்துவிட்டார்.

சொன்னாள். நேற்று மத்தியானம் சொன்னாள். கடற்கரை ஓரத்து நண்டுக் கடை, மேஜைமேல் செய்தித்தாளை விரித்து, அவித்த நண்டைக் குவியலாகக் கொட்டி, உடைக்க ஆளுக்கொரு மரச்சுத்தியல் கொடுத்திருந்தார்கள். அவர்தான் ஆரம்பித்தார். "எதுக்கும்மா இந்தச் சண்ட?" அவள் சுத்தியலால் ஒரு கொடுக்கைத் தட்டினாள். "நீங்க நெய்வேலியில மண்ணு தோண்டினீங்களேப்பா, எதுக்குன்னு கேட்டீங்களா?" "கரண்ட்டுக்கு. அதுதான் தெரியுமே." "எல்லாருக்கும் ஏதோ ஒரு கரண்ட் இருக்குப்பா" என்றாள் சிரிக்காமல். அவளுடைய தமிழ் ஒன்பது வயதோடு நின்றுபோன தமிழ். அதில் பெரிய விஷயம் பேசும்போது குழந்தை பெரியவர்களின் செருப்பைப் போட்டுக்கொண்டு நடக்கிற மாதிரி இருக்கும். பிறகு அவளே சொன்னாள், போன தடவை போனபோது நடந்ததை. அவளுக்கு வேலை குண்டு. அடித்தட்டில் அவற்றைக் கோர்த்து, லிஃப்ட்டில் மேலே கொண்டுவந்து, தள்ளுவண்டியில் உருட்டிப்போய், நாலைந்து பேராகத் தூக்கி விமானத்தின் அடிவயிற்றில் மாட்டுவது. சிவப்புச் சட்டை போட்டுக்கொள்வார்கள். மாட்டுவதற்கு முன்னால் அதன் மேல் சாக்பீஸால் எதையாவது எழுதுவது வழக்கம். "எல்லாரும் எழுதுவாங்கப்பா. பொண்டாட்டி பேரு, நாய் பேரு, ஃபுட்பால் டீம் பேரு. ஒருநா எங்கூட இருக்குறவ சாக்பீஸ என் கையில குடுத்து, உன் பாஷையில எதாவது எழுதுன்னா. எனக்குத் தப்பில்லாம எழுதத் தெரிஞ்சது ஒண்ணுதான்." அவருக்குத் தெரிந்துவிட்டது, அவள் சொல்வதற்கு முன்பே. ஊரில் இங்கிலீஷ் மீடியம், இங்கே வந்து ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்புக்கு எட்டு வாரம் போய்விட்டு நின்றவள். பிறந்தநாள் அட்டையில் ஒவ்வொரு வருஷமும் கோணல்மாணலாக எழுதித் தருவாளே, அந்த ஒரு சொல்தான். "அம்மான்னு எழுதினேன்" என்றாள். கடையில் எல்லா மேஜையிலும் சுத்தியல் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. "அப்புறம்?" "அப்புறம் மாட்டினோம். ப்ளேன் போச்சு. திரும்பி வரும்போது அது இல்ல."

திரும்பி வரும்போது அது இல்ல. எங்கே இல்லை? விமானத்தின் வயிற்றில் இல்லை. அப்படியென்றால் எங்கே இருக்கிறது? இருக்கிறது என்று சொல்லலாமா அதை? விழும்போது எழுத்து எந்தப் பக்கம் இருந்திருக்கும், வானத்தைப் பார்த்தா, கீழே பார்த்தா? காற்றில் சாக்பீஸ் உதிர்ந்திருக்குமா? அந்த உயரத்தில், அந்த வேகத்தில், முதலில் புள்ளி போயிருக்கும், பிறகு கால், பிறகு சுழி. இல்லை, உதிராமலே போய்ச் சேர்ந்திருக்கும். அங்கே யாராவது, சேருகிறதுக்கு முந்தைய கணத்தில், அந்தச் சொல்லையே கத்தியிருப்பார்களா, அவர்களுடைய பாஷையில்? அவர்கள் பாஷையிலும் அது கிட்டத்தட்ட அப்படித்தான் ஒலிக்குமாம், உம்மா, உம்மி என்று. எந்த பாஷையிலும் வாயைத் திறந்து மூடினால் வருகிற சொல் அது. போதும். நினைக்காதே. வான்மதி சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். என்னமோ எதிர்பார்த்தாள். திட்டுவார் என்றா, பரவாயில்லம்மா என்பார் என்றா? இரண்டில் எதைச் சொல்லியிருந்தாலும் அவள் அழுதிருப்பாள், அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் சொன்னது, "நண்டு ஆறிடும், சாப்பிடு." அவள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு, "அம்மாகிட்ட சொல்லிடாதீங்கப்பா" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடத் தொடங்கினாள். நிறையச் சாப்பிட்டாள். நகங்களை ஒட்ட வெட்டியிருந்தாள். அந்தக் கைகள் வல்லியின் கைகள்தான், அதே குட்டை விரல், அதே உள்ளங்கை. அந்தக் கையால் ஆயிரம் ராத்தல் இரும்பைத் தூக்கி மாட்டுகிறாள் என்பதில் அவருக்கு, சொல்லவே கூசுகிறது, அந்த நேரத்திலும், திகைப்பும் பெருமையுமாக ஏதோ ஒன்று நெஞ்சில் ஏறியது. கோதண்டத்தின் கைதட்டல் மாதிரி ஒன்று.

கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் இப்போது ஒரு தெருவின் அகலத்துக்குத் தண்ணீர் தெரிந்தது. அதில் எண்ணெய்ப் படலம் மயில்கழுத்து நிறத்தில் நெளிந்தது. அத்தனை பெரிய உடம்பு, அலையே இல்லாமல், தூக்கத்தில் புரளுகிற மாதிரி விலகியது. பின்னால் எங்கேயோ ஒரு பாண்டு வாத்தியம் தொடங்கிப் பாதியில் நின்றது. டார்லீன் அட்டையை இறக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, அவரிடம் சொல்கிறாளா தனக்கே சொல்லிக்கொள்கிறாளா என்று தெரியாத குரலில் பேசினாள். "என் தம்பி ரெண்டு தடவ போயிட்டு வந்தான், முந்தின சண்டைக்கு. கை கால் எல்லாம் நல்லாத்தான் இருக்கு. எங்க வீட்டு கராஜ்லதான் உக்காந்திருப்பான். கதவுக்கு முதுகு காட்டமாட்டான். என் பையன் சின்னதுலேர்ந்து அவன்கூடவே உக்காந்திருப்பான். அங்க என்ன நடந்துச்சுன்னு கேட்டா தம்பி ஒண்ணும் சொல்லமாட்டான். ஆனா அந்தக் கப்பல் எப்படி இருக்கும், விமானம் எப்படிக் கிளம்பும்னு கேட்டா மட்டும் சொல்லுவான். சொல்லும்போது அவன் மூஞ்சி மாறிடும். அந்த மூஞ்சியப் பாத்துத்தான் என் பையன் சேந்தான்." "உங்களுக்குக் கோபம் இல்லையா?" என்று கேட்டார். "யாரு மேல?" என்று கேட்டாள் டார்லீன். நிஜமாகவே தெரிந்துகொள்ள விரும்புகிற மாதிரி கேட்டாள். தெய்வசிகாமணி யோசித்துப் பார்த்தார். எதிரே அது போய்க்கொண்டிருந்தது, வெயிலில் அதன் விலாப்புறம் வெள்ளியாக மின்னியது, உச்சியில் கொடி விரிந்து அடித்துக்கொண்டது, விளிம்பு நெடுக அந்தப் பிள்ளைகள் அசையாமல் நின்றார்கள். எப்பேர்ப்பட்ட காட்சி. கடவுளை நேரில் பார்த்தவன் கடவுளிடம் கேள்வி கேட்டதாக எங்கேயாவது உண்டா? விழுந்து கும்பிட்டான் என்றுதான் இருக்கும். கேள்வி கேட்க வேண்டுமானால் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும். அவர் மூடிப்பார்த்தார். மூடினால் கோணல்மாணலான மூன்று எழுத்து தெரிந்தது. திறந்துகொண்டார்.

போன் மறுபடி அதிர்ந்தது. வல்லியாக இருக்கும் என்று எடுத்தார். வான்மதி. ஆங்கில எழுத்தில் தமிழாக அனுப்பியிருந்தாள். "அப்பா ஸாரி. எங்க டிவிஷன் ஆளுங்கள மேல விடல. கீழயே வேல. கையாட்டிட்டு நிக்காதீங்க, வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க. கப்பல் கிளம்பிடுச்சா? இங்க ஒண்ணுமே தெரியல." அவர் அதை இரண்டு தரம் படித்தார். நிமிர்ந்து பார்த்தார். இடப்பக்கத்து வெள்ளை அங்கேயேதான் நின்றது, நேராக, நல்லபடியாக. அவ்வளவு பெரிய இரும்புக்குள், தண்ணீர்மட்டத்துக்கும் கீழே எங்கேயோ, ட்யூப்லைட் வெளிச்சத்தில், சிவப்புச் சட்டையோடு உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். உலகமே வாய்பிளந்து பார்க்கிற இந்த நகர்வு அவளுக்குத் தெரியவில்லை. எழுதினார்: "கிளம்பிடுச்சும்மா." அனுப்பினார். இன்னும் ஒன்று எழுத வேண்டும். நேற்றுச் சொல்லாததை. நீ எழுதினது, என்று தொடங்கினார். அழித்தார். திரும்பி வந்ததும் நாம பேசுவோம், நீ சொன்னத நான் மறக்கல, நான் கேக்கணும், முழுசா கேக்கணும், என்று எழுதி, நிறுத்தினால் அழித்துவிடுவோம் என்று பயந்து, எழுத்துப்பிழையோடு அனுப்பிவிட்டார். போனது என்று ஒற்றை டிக் விழுந்தது. இரண்டாவது டிக் விழவில்லை. காத்திருந்தார். விழவில்லை. அங்கே சிக்னல் போயிருக்கும்.

"பாத்தீங்களா, பாத்தீங்களா!" டார்லீன் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள். "தலைய அசைச்சான்! என்னப் பாத்துதான் அசைச்சான்! உங்க பொண்ணு அவனுக்குப் பக்கத்துலதான் நிக்கிறா, ஆட்டுங்க, கைய ஆட்டுங்க, போகப்போகுது!" கப்பல் திரும்பிக்கொண்டிருந்தது. வெள்ளைகளுக்கு நடுவில் இருந்த இடைவெளி சுருங்கிச் சுருங்கி, ஒரு சுண்ணாம்புக் கோடாக ஆகிக்கொண்டிருந்தது. அவர் போனைப் பாக்கெட்டில் போட்டார். என் பெண் அங்கே இல்லை என்று சொல்ல வாயெடுத்தார். டார்லீனின் முகத்தைப் பார்த்ததும் சொல்லவில்லை. யார் பெற்ற பிள்ளையோ, இடப்பக்கத்தில் நிற்கிறது. அதை வழியனுப்ப ஆள் வந்திருக்கிறதோ இல்லையோ. இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கினார். ஆட்டினார். அது போதவில்லை. அத்தனை கூட்டத்துக்கு நடுவில், வாய்விட்டு, ஊரில் பஸ் நிலையத்தில் கத்துவது மாதிரி கத்தினார்: "போயிட்டு வா! போயிட்டு வாப்பா!" சுற்றி நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். டார்லீன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "என்ன சொன்னீங்க? உங்க பாஷையா?" என்றாள். "போன்னு மட்டும் சொல்லமாட்டோம் நாங்க. போய்ட்டுத் திரும்பி வான்னு சேர்த்துச் சொல்லுவோம்." "அழகா இருக்கே. எனக்கும் சொல்லிக்குடுங்க." அவர் மெதுவாகச் சொன்னார். அவள் உதட்டைக் குவித்துக் கேட்டுக்கொண்டாள், ஒருமுறை வாய்க்குள் சொல்லிப் பார்த்தாள், பிறகு அட்டையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்து, தன் பையன் என்று தீர்மானித்துக்கொண்ட அந்த வெள்ளையைப் பார்த்து, உள்ளத்தில் இருந்த பிரியத்தையெல்லாம் திரட்டிக் கத்தினாள்:

"போட்டு வா! போட்டு வா!"

தெய்வசிகாமணி திருத்தவில்லை.